காலை ஐந்து நிமிட மனக்கவனப் பயிற்சி பற்றிப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். வரும் தவணையிலிருந்து தரம் 6, 7 மாணவர்களுக்கு முதலாம் பாடவேளைக்கு முன் ஐந்து நிமிடம் மனக்கவனப் பயிற்சி நடத்தவிருக்கிறோம். சென்ற தவணையில் ஒரு வகுப்பில் மட்டும் செய்து பார்த்தபோது, "பிள்ளைகளைச் சாமியாராக்கப் போகிறீர்களா?" என்று சிலர் என்னிடம் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

மணியை ஒருமுறை அடித்து, அதன் ஓசை முற்றாக அடங்கும்வரை கேட்டிருந்து, பின் வயிற்றில் கை வைத்து மூச்சு ஏறி இறங்குவதைக் கவனிப்பதுதான் பயிற்சி. ஒரே இடத்தில் இருக்க முடியாத பிள்ளை, நிரம்பிய குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் குழாயடியிலிருந்து வகுப்பறைவரை கொண்டுவரலாம், அதுவும் பயிற்சியே. இதன் வேர் பௌத்த மரபில் இருந்தாலும், 1979 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபட்-சின் அதனைச் சமயச் சடங்கில்லாத பயிற்சியாக நோயாளருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இங்கும் மந்திரமோ வழிபாடோ இல்லை.

மூன்றாம் நாள் தகரக்கூரையில் மழை கொட்டியபோது, ஒரு மாணவன் தன் மனம் ஒழுகும் தன் லயத்து வீட்டுக்கும் அங்கே நனையக்கூடிய கொப்பிகளுக்கும் போய்விட்டதென்று தலைகுனிந்து சொன்னான். ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. மனம் போனதை அவனே கண்டுபிடித்துத் திரும்பி வந்ததுதான் இப்பயிற்சியின் உயிர்நாடி என்பதால், அன்று நன்றாகச் செய்தவன் அவனே என்று நான் கருதுகிறேன்.

ஒன்றில் மனத்தை நிலைநிறுத்த முடியாத கவனக்குறைபாட்டுக்கு (ADHD) இது மருந்தல்ல. 2008 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட முன்னோடி ஆய்வில், இக்குறைபாடுள்ள 24 வளர்ந்தவர்களும் 8 பதின்ம வயதினரும் சேர்க்கப்பட்டனர். எட்டு வார மனக்கவனப் பயிற்சியை முடித்தவர்களுள் பலர் முன்னேற்றம் கூறினாலும், பயிற்சி பெறாத குழுவோடு ஒப்பிடப்படவில்லை. 2022 இல் வெளியான, 8,000 க்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட பிரித்தானியப் பாடசாலை ஆய்வோ, எல்லோருக்கும் பொதுவாகக் கற்பித்ததில் வழக்கமான பாடங்களை விட மேலதிக நன்மை காணவில்லை. ஆகவே இதற்குப் புள்ளியும் இல்லை, கட்டாயமும் இல்லை. கவனக்குறைபாட்டுக்கு வைத்தியர் மருந்து கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

குறும்பு செய்த பிள்ளையை "போய் மூச்சைக் கவனி" என்று மூலையில் உட்கார வைக்கவும் வேண்டாம். தண்டனையாகிவிட்டால் எந்தப் பிள்ளையும் அதன் பக்கம் திரும்பாது.

விருப்பமில்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். அந்தப் பிள்ளைகள் அவ்வேளையில் நூலகப் புத்தகம் வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
அதிபர்