யெலோநைஃபில் இருக்கும் மகளுக்கு

ஸ்காபரோ
8 யூன் 2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறன். சுகமாய் இருக்கிறியோ? அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. பின்வளவில வெந்தயக்கீரை போட்டிருக்கிறா. சின்னம்மா வீட்டு அலுவல் ஒரு மாதிரி முடிஞ்சுது, அதை நேரில கதைப்பம்.

ஏன் கையால எழுதுறார் எண்டு யோசிக்காதை. வாட்ஸ்அப்பில எழுதினால் பெருவிரல் படத்தைப் போட்டுட்டு இருந்திடுவாய். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதழுது போனனீ, அது இதுக்காவது உதவட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. விற்றமின் டி குளிசையை விடாதை. தூர இடத்துக்குத் தனிய வாகனம் ஓடாதை. 2023 ஓகஸ்ட்டில நெருப்புக்குப் பயந்து ஊரையே வெளிக்கிடச் சொல்லேக்க நீ தெற்கால ஓடி வந்தாயே, உன்ர குரல் கேக்கும்வரை அம்மா அடுப்பு மூட்டேல்லை. காரில எப்பவும் பாதித் தாங்கிக்கு மேல பெற்றோல் இருக்க வேணும்.

மார்கழியில நீ மேல் அறையில விட்டுட்டுப் போன தடிச்ச அறிக்கையை எடுத்து வாசிச்சன். கண்ணாடியும் அகராதியுமாய் ரெண்டு மாசம் பிடிச்சுது. உங்கட பக்கத்துப் பதர்ஸ்ட் கரிபூ மான் கூட்டம் 1986 இல நாலு லட்சத்து எழுபதாயிரமாம். 2021 இல எண்ணேக்க 6,240. எழுத்துப்பிழை எண்டு நினைச்சு அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தன். ஒரு காரணம் இல்லை அப்பா, சூடு, காட்டுத்தீ, ஓநாய், வேட்டை, சுரங்கம் எல்லாம் சேந்தது எண்டு நீ சொன்னது ஞாபகம் வந்துது. அப்ப நான் ஹொக்கி பாத்துக்கொண்டிருந்தனான்.

சுரங்க வேலையை விடுற கதை வந்தபோது சாப்பாட்டு மேசையில நான் சொன்ன சொல்லும் ஞாபகம் வந்துது. "மானுக்காக ஆரும் சம்பளத்தை விடுவினமோ?" நீ ஒண்டும் பேசாமல் கோப்பையைக் கழுவி வைச்சிட்டு மேல போட்டாய்.

அந்த மானையே சாப்பிட்டு, அதின்ர தோலை உடுத்தி வாழ்ந்த அங்கத்தைய பூர்வீகச் சனம், ட்லிச்சோச் சனமே 2015 தொடக்கம் அந்தக் கூட்டத்தில ஒண்டைக்கூடச் சுட ஏலாமல் இருக்கு. வயது போனதுகள் கூடாரம் அடிச்சு, ஏரிக்கரையில நடந்து, எத்தினை தாய், எத்தினை குட்டி எண்டு பாத்து எழுதுதுகளாம். எங்கட சனம் கடற்கரைக்குப் போக ஏலாமல் இருந்த காலம் எனக்குத் தெரியும். அதை வைச்சுத்தான் இது எனக்குக் கொஞ்சம் விளங்குது.

சுரங்கமே வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. உன்ர படிப்புக் கடனைக் கட்டினது அந்தச் சம்பளம். டயவிக் வைரச் சுரங்கம் அடுத்த வருஷம் நிக்கப் போகுது. அங்க வேலை செய்யிற ட்லிச்சோப் பொடியங்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளைகள் இருக்கும். புது றோட்டு வேணும், புதுச் சுரங்கக் குழி வேணும் எண்டு கேக்கிற ஆக்களைக் கூடாத ஆக்கள் எண்டு நான் நினைக்கேல்லை. நானும் றோட்டில பிழைச்சவன், பதினெட்டு வருஷம் லொறி ஓடினவன். ஆனால் உறைஞ்ச ஏரிக்கு மேல ரெண்டு மாசம் ஓடுற றோட்டும், வருஷம் முழுக்க லொறி ஓடுற றோட்டும் ஒண்டில்லை எண்டு நீ சொன்னதை இப்பதான் யோசிக்கிறன். சுரங்கத்தைச் சுத்தி 14 கிலோமீற்றருக்குக் கரிபூ அண்டுறது குறைவு எண்டு ஒரு ஆய்வு சொல்லுதாம். லொறித்தூசி பாசியில படிஞ்சால் அதுகள் எதைத் தின்னும்?

அந்த மான் குளிருக்கு நிக்கிறது உங்கட பக்கம், குட்டி போடுறது பக்கத்துப் பிரதேசமான நுனவுட் பக்கம். இந்தப் பக்கம் ட்லிச்சோச் சனம் தங்கட காணிக்கு 2013 இலேயே நிலத்தை எதுக்குப் பாவிக்கலாம் எண்டு திட்டம் வைச்சிட்டுது. அந்தப் பக்கம் 2023 இல குடுத்த திட்டத்துக்கு இன்னும் ஒருத்தரும் கையெழுத்து வைக்கேல்லை. எங்கட மேற்கு வேலி வழக்கு மாதிரிக் கிடக்கு. யூகோனில பீல் ஆத்துப் பக்கம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2019 இல 83 வீத நிலத்தைக் காப்பாத்தினவை. அது மாதிரிக் குட்டி போடுற இடத்தை முதல் கீறி ஒதுக்கிப்போட்டு, மிச்சத்தில கிண்டட்டும். நீ சொன்னதும் இதைத்தான். எனக்குத்தான் கேக்கேல்லை.

இப்ப ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை. ஏழாம் வகுப்பில ஊரைப்பற்றி எழுத வேணும் எண்டு வந்து, எங்கட கிணறு ஏன் உப்புச் சவரானது எண்டு கேட்டனீ. சண்டையால எண்டு சொன்னனான். நீ அப்பிடியே எழுதிப் பரிசும் எடுத்தாய். அது பொய், பிள்ளை.

1984 இல மணற்காட்டு மணல் மேட்டில, அந்தக் கும்பியில இரவிரவாய் மணல் அள்ளி உழவு இயந்திரத்தில ஏத்தினவன் நான். ஒரு பெட்டி இல்லை, ஒரு நாள் இல்லை, ரெண்டு வருஷம். அப்பு வாசல்ல நிண்டு மறிச்சவர். "கும்பி குடிக்கிற மழையைத்தான்ரா நாங்கள் குடிக்கிறம்" எண்டவர். கடலில கிடக்கிற மணல் எண்டு சொல்லி அவரைத் தள்ளிப்போட்டுப் போனனான். அந்தக் காசுதான் ஏஜென்சிக்குக் கட்டினது. நான் இஞ்ச வந்து ரெண்டாம் வருஷம் அப்பு கடிதம் போட்டார், கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி வைக்க ஏலாமல் கிடக்கெண்டு. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதேல்லை. அவர் செத்த பிறகும் ஆருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்கும் தெரியாது.

அப்பிடிப்பட்டவன்தான் உன்னைப் பாத்து மானுக்காகவோ எண்டு கேட்டவன்.

மூண்டு கிழமைக்கு முன்னம் உன்ர கைபேசி வேலை செய்யேல்லை எண்டு கந்தோர் நம்பருக்கு அடிச்சன். ஒரு பொம்பிளைப்பிள்ளை எடுத்தா. நீ பங்குனியோட வேலையை விட்டு நிண்டிட்டாய் எண்டா. நன்றி சொல்லி வைச்சிட்டன். எங்க வேலை, என்ன சம்பளம், வாடகைக்கு என்ன செய்யிறாய் எண்டு கேக்க மாட்டன். கேட்டால் திரும்பவும் பிழையாய்க் கதைச்சிடுவன். திட்டம் கீறுற ஆக்களோட போய்ச் சேந்திருந்தால் நல்லது. இல்லாட்டிலும் நல்லது. காசு முடை எண்டால் மட்டும் ஒளிக்காதை, என்ர பென்சன் கிடக்கு.

அம்மா இன்னும் நீ பழைய இடத்தில எண்டுதான் கோயிலில எல்லாருக்கும் சொல்லுறா. நான் வாய் திறக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய அவ எழும்பின உடன எடு, நீயே சொல்லு. கிணத்துக் கதையை நான் சொல்லுறன்.

ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பழைய விலாசத்துக்கு அனுப்பலாமோ எண்டு தெரியேல்லை. கட்டி வைச்சிருக்கிறன்.

அன்புடன்
அப்பா