நீ கேட்ட குங்குமப்பூ

அன்புள்ள கண்ணுக்கு,

நீ கேட்ட குங்குமப்பூவை வாங்கி ஒரு வாரமாகிறது. அனுப்பக் கை வரவில்லை. நாலு இழையை வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் மெதுவாகத்தான் பொன்மஞ்சளானது, இழையின் சிவப்பு போகவில்லை. அசல்தான். ஒரு பூவுக்கு மூன்றே இழை, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ வேண்டுமாம். மூன்று வாரத்துக்கு முன்னால் 4 கிராம் அனுப்பினேனே, அதற்குள்ளா தீர்ந்துவிட்டது?

அண்ணி நன்றாக இருக்கிறாள், ஐந்தாம் மாதம். பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதெல்லாம் வெறும் பேச்சு, அளவு மீறினால் கர்ப்பப்பை சுருங்கும் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாததா? வீட்டில் எல்லோருக்கும் மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்னவளே நீதான். மனச்சோர்வுக்கு ஆராய்ச்சிகளில் கொடுத்துப் பார்த்தது பெரும்பாலும் நாளைக்கு 30 மில்லிகிராம், அதுவும் லேசான, நடுத்தரமான சோர்வுக்கு. ஒரு நாளில் 5 கிராமுக்கு மேல் போனால் விஷம். மனச்சோர்வு மாத்திரையோடும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தோடும் சேர்த்துச் சாப்பிடுவதென்றால் டாக்டரிடம் சொல்லாமல் கூடாது. சொன்னாயா? போனில் கேட்டால் "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். இரண்டு வாரமாக அந்த "சரிம்மா"வும் இல்லை.

அளவோடு சாப்பிடு. டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடு.

இதையெல்லாம் சொல்ல எனக்கு வாயில்லை என்றும் தெரியும். "மனசு வாடினதுக்கெல்லாம் மாத்திரையா?" என்று கேட்டுப் பாலும் குங்குமப்பூவுமாக உன் கையில் கொடுத்தவள் நான். அந்த வருஷம் உன் மாத்திரை அட்டை காணாமல் போயிற்றே, கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து தேடினாயே, அதை என் துணிக்கடியில் வைத்திருந்தது நான்தான். நாலு நாள் தலைசுற்றலும் தூக்கமின்மையுமாகக் கிடந்தாய். திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்தது. அப்போதும் உன்னிடம் சொல்லவில்லை.

டப்பா இங்கேயே இருக்கட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டாயா கண்ணு? நிறுத்தியிருந்தாலும் திட்டமாட்டேன். இன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணு. பண்ணிவிட்டு எனக்கும் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அம்மா