வாசகர் வட்டம், காஞ்சிபுரம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மாதம் தவறாமல் வருகிறவர்களுக்கும், ஆண்டுக்கூட்டத்துக்கு மட்டும் வருகிறவர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கூட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன். பதினொரு கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டத்தை மழை கொண்டுபோயிற்று. மே மாதக் கூட்டத்தை முகூர்த்த நாளில் வைத்தது என் தவறு. ஆறு பேர்தான் வந்தோம். அதிலும் இருவர் கல்யாண மண்டபத்திலிருந்து தாம்பூலப் பையோடு நேராக வந்தவர்கள்.

இந்த ஆண்டு முழுக்க ஒரே பேச்சுதான். நாவலில் எதைக் கண்டால் கீழே வைக்க மனம் வருவதில்லை, எதைக் கண்டால் அந்தப் பக்கத்தோடு மூடிவிடுகிறோம்? ஜூன் கூட்டத்தில் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தோம். பிடித்தது முன்பக்கம், சலித்தது பின்பக்கம். சுண்டல் பாத்திரம் காலியாவதற்குள் பின்பக்கங்கள் நிரம்பிவிட்டன. முன்பக்கத்துக்கு வீட்டில் யோசித்து எழுதி வருகிறோம் என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஐ.டி. வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்து இயற்கை விவசாயம் செய்யும் நாயகன் பல சீட்டுகளில் இருந்தான். "வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுறாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டேங்கறாங்க" என்று வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் அலுத்துக்கொண்டார். எழுத வராமல் தவிக்கும் எழுத்தாளர்தான் கதாநாயகன் என்றால் வேண்டாம் என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். அப்புறம் மகாபாரதம். கர்ணனுக்காக அழுது ஓய்ந்துவிட்டோம், கொஞ்ச நாள் அவனை விட்டுவிடுங்கள் என்று ஒரு சீட்டு. மகன் அமெரிக்காவில், அப்பா இங்கே தனியாக, கடைசி வரியில் சாவு என்று முடியும் கதைகள் மீது நம் மூத்த உறுப்பினர்களுக்கு நிஜமாகவே கோபம். "நாங்களும் தனியாத்தான் இருக்கோம், நல்லாத்தான் இருக்கோம்" என்றார் ஓர் அம்மா. அவர் மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறார்.

சரித்திர நாவல் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு உரிமை கொஞ்சம் அதிகம். சிவகாமியின் சபதம் இந்த ஊர்க் கதை. பொன்னியின் செல்வனில் ஆதித்த கரிகாலன் தந்தைக்காகப் பொன்மாளிகை கட்டுவதும் இங்கேதான். ஆனால் அண்மையில் நாம் வாங்கிய சரித்திர நாவல்களில் தவறாமல் ஒரு முத்திரை மோதிரம், ஒரு ஒற்றன், ஒரு சுரங்கப்பாதை. காஞ்சியில் இத்தனை சுரங்கம் இருந்திருந்தால் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும்போது ஒன்றாவது அகப்பட்டிருக்க வேண்டாமா?

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். "சரித்திரம் போதும்" என்று எழுதியவர்களில் மூன்று பேர் அந்த மாதமே பொன்னியின் செல்வன் எடுத்துப் போயிருக்கிறார்கள். புத்தகப் பதிவேடு என்னிடம் இருப்பதால் கையெழுத்து எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. ஒருவரிடம் தனியாகக் கேட்டேன். "அது வேற சார். அது கருட சேவைக்குப் போற மாதிரி. கூட்டம்னு தெரிஞ்சேதான் போறோம்" என்றார்.

கைப்பேசியில் தொடர்கதை படிக்கும் இளைய உறுப்பினர்களைப் பெரியவர்கள் இனிமேல் கிண்டல் செய்ய வேண்டாம். ஒப்பந்தக் கல்யாணம், கோபக்காரப் பணக்கார நாயகன் எல்லாவற்றையும் நம்மைவிடக் கறாராக அலசுகிறவர்கள் அவர்கள்தான். "முதல் அத்தியாயத்துல அறைஞ்சவன் நாற்பதாவது அத்தியாயத்துல கஞ்சி வெச்சுக் கொடுத்தா மன்னிச்சிடணுமா?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. அவரும் நாற்பது அத்தியாயம் படித்திருக்கிறார் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். நெசவாளர் வாழ்க்கையைப் பற்றிய ஒரு புது நாவலை எடுத்தோம். பெயர் சொல்லி எழுதியவரை நோகடிக்க விருப்பமில்லை. எல்லோரும் நல்லவிதமாகவே பேசினோம். பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் மட்டும் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் சத்தமா படி" என்று என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கத்தில், வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது. நாயகன் குழித்தறியில் தனியாக உட்கார்ந்து விடிய விடியக் கோர்வைப் பட்டு நெய்கிறான். காலையில் சேலை காதலியின் கையில்.

"மழை பிடிச்சா குழியில தண்ணி ஊறும். தறி நின்னுடும். அடுப்பும் நின்னுடும். எங்களுக்கு மழைன்னா அதுதான்" என்றார். ஒரு சேலை பத்துப் பதினைந்து நாள் வேலை என்றார். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தட்டினார். "உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், ரெண்டையும் பூட்டி நெய்யணும். அதுக்குத்தான் கோர்வைன்னு பேரு. கரைக்கு நூல் ஓட்டுற நாடா போட இங்கே ஒரு ஆள் உட்காரணும். எனக்கு என் தங்கச்சி உட்காருவா, எட்டு வயசுலேர்ந்து. அவ கல்யாணமாகிப் போனப்புறம் நான் கோர்வை நெய்யறதையே விட்டுட்டேன். இவனுக்கு யாரு உட்கார்ந்தாங்க?"

அன்று தேநீர் ஆறிப்போயிற்று. அதற்கு மேல் யாரும் அந்த நாவலைப் பற்றிப் பேசவில்லை. தங்கையைப் பற்றித்தான் கேட்டோம்.

அதற்கப்புறம் வந்த முன்பக்கச் சீட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாமே வேலையைப் பற்றியவை. ஆகவே பட்டியலை மாற்றினோம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய கரிப்பு மணிகள், திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் தோல் இரண்டையும் படித்தோம். தோலுக்கு 2012-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதில் சில இடங்களில் மேடைப் பேச்சு வாடை அடிப்பது எனக்குக் கொஞ்சம் இடித்தது, பெரியவருக்கு இடிக்கவில்லை. 2023-ல் அகாதமி விருது பெற்ற தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம் பிப்ரவரியில் பேசப்பட்டது. கொங்கு நாட்டு நாவிதர் குடும்பக் கதை. அதிலும் சாவு உண்டு. ஆனால் வாசகரை அழவைக்கக் கடைசி வரிவரை ஒளித்து வைத்ததல்ல. கலிஃபோர்னியா அம்மா அதை இரண்டு முறை படித்தார்.

மற்றவை: கூட்ட அறையின் மின்விசிறி சரிசெய்யப்பட்டது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களைப் பொருளாளர் பார்த்துக்கொள்வார். பெரியவரின் நினைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்யும் வேலையைக் கல்லூரி மாணவிகள் இருவர் ஏற்றிருக்கிறார்கள். தங்கையையும் ஒருநாள் அழைத்து வருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமையான பிறகு ஆளுக்கொரு பதிப்பு வந்ததில், நம் பீரோவில் உள்ள பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் மூன்று பதிப்பகங்கள் போட்டவை. உயரம்கூட ஒன்றாக இருக்காது. ஐந்து என்று எழுதிவிட்டேன், இப்போது இருப்பது நான்குதான். மூன்றாம் பாகத்தைப் பதிவேட்டில் எழுதாமல் எடுத்துப் போனவர், நீல அட்டை, முதுகில் செல்லோடேப் ஒட்டியிருக்கும், அடுத்த கூட்டத்துக்கு முன் பீரோவின் மேல் வைத்துவிட்டுப் போகலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

செயலாளர்