இஸ்திரி வண்டி அண்ணனுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஃபெஞ்சல் புயல் ஓய்ந்தபோது, தண்ணீர் புகுந்த எங்கள் தாவரவியல் துறை எப்படிக் கிடந்தது என்று நீங்களே வந்து பார்த்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. உலர்தாவரத் தொகுப்பில், அதாவது செடிகளைக் காயவைத்துத் தாள்களில் ஒட்டிச் சேர்த்து வைத்திருப்பதில், பெரும்பகுதி பிழைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கல்லூரிக்கு எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனுக்கும் அண்ணிக்கும்.

கரண்ட் இல்லை, வெயிலும் இல்லை. நனைந்த தாள்களைப் பிரித்து இடையிடையே செய்தித்தாள் வைத்தால், அந்தக் காகிதமே ஈரம் கோத்திருந்தது. அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். பழைய பேப்பர் கேட்டு மாணவிகள் போக, "எதுக்கும்மா இவ்வளவு?" என்று கேட்டபடி அவர்கள் பின்னாலேயே அண்ணன் வந்துவிட்டார். பார்த்தார். திரும்பிப் போய்க் கரிப்பெட்டியோடு வந்தார்.

செடி மேல் நேராகப் பெட்டியை வைக்கவே இல்லை. செய்தித்தாளைத் தேய்த்துச் சூடாக நீட்டுவார். நாங்கள் ஈரமான செய்தித்தாளை உருவிவிட்டு அதை வைப்போம். ஈரம் ஓரளவு இறங்கியபின் பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, மேலே லேசாக ஒரு இழுப்பு. சூடு கூடினால் இலை நொறுங்கும் என்று நான் வாயெடுக்கும் முன்பே, "பட்டுச்சேலைக்கு வைக்கிற சூடு போதும் டீச்சர்" என்றார். அண்ணி கரி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இருட்டியபின் டார்ச் வெளிச்சத்திலும் வேலை ஓடியது.

ஒரு தாளில் அவர் கை நின்றது. வீரை. "இது எங்க ஊரு ஐயனார் கோயில் காட்டு மரமாச்சே! சின்ன வயசுல இந்தப் பழத்தப் பொறுக்கித் தின்னுருக்கோம்" என்றார்.

நான் ஆராய்வது அந்தக் காட்டைத்தான். சோழமண்டலக் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காயா, உலக்கைப்பாலை என்று மாதக்கணக்கில் மழையில்லாமலும் பச்சையாகவே நிற்கும் மரங்கள். மிஞ்சியதில் பெரும்பகுதியைக் காப்பாற்றியவை கோயில்கள். இப்போது அங்கேயும் சில இடங்களில் காடு சுருங்கி மண்டபம் வந்துவிட்டது. அங்கே எந்த மரம் எப்போது பூத்தது, பூ என்ன நிறம் என்பதற்கு இந்தத் தாளின் மூலையில் ஒட்டிய சீட்டுதான் சாட்சி. காய்ந்த பூவில் நிறம் நிற்காது. இதை வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறேன். அண்ணனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கரிக்காவது காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "சாமி காட்டு மரத்துக்கா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம், சேறு வாரிய எம்.எஸ்சி. பிள்ளைகள், பீரோக்களை மாடிக்குத் தூக்கிய அலுவலக உதவியாளர்கள், வேளை தவறாமல் சோறு அனுப்பிய விடுதிச் சமையற்கட்டு, பேப்பரை மூட்டை மூட்டையாகத் தந்த பழைய பேப்பர் கடைக்காரர், மற்ற கல்லூரிகளிலிருந்து ஓடிவந்த நண்பர்கள், எல்லோருக்கும் என் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னியுங்கள்.

பீரோக்கள் இனி மாடியிலேயே இருக்கும். கோடை விடுமுறைக்குள் ஒவ்வொரு தாளையும் சீட்டோடு படமெடுத்து வைத்துவிடுவேன். வீரை பழுக்கும் பருவத்தில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அவர் ஊர்க் காட்டுக்குப் போய், விதை எடுத்து நாற்றுப் போடப் போகிறோம்.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சில தாள்களில் சீட்டு கரைந்துவிட்டது. உங்கள் கள நோட்டுகள் வீட்டுப் பரணில் இருந்தால் தேடிக் கொடுங்கள். அதில் இருக்கும் இடம், தேதி, பூவின் நிறம் எல்லாவற்றையும் வைத்து அந்தச் சீட்டுகளைத் திரும்ப எழுதிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்