கதாநாயகியின் சம்பளம் எங்கே போகிறது?

இணையத்தில் தொடர்கதை எழுதும் தோழிகளுக்கும், எபிக்கு எபி (அதாவது அத்தியாயத்துக்கு அத்தியாயம்) கருத்துப் போடும் வாசகர் குழுக்களுக்கும், நாவல் போட்டி நடத்தும் தளங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கதை எழுதுகிறவள் இல்லை, படிக்கிறவள். ராத்திரி மாவைக் கரைத்து மூடி வைத்துவிட்டு, வீடு அடங்கியதும் போனில் உங்கள் கதைகளைத் திறப்பேன். யூடி, அதாவது அடுத்த பகுதி, வராத நாளில் முகம் வாடிப்போகும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் கொண்டுவருவதும் நான்தான். கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். இடையிடையே கிடைக்கிற வேலைக்கும் போகிறார். என்னைப் போன்ற ஒரு வீட்டை உங்கள் கதைகளில் பல வருடங்களாகத் தேடுகிறேன். அதனால்தான் இந்த மடல்.

வேலைக்குப் போகாத நாயகி இன்று நம் கதைகளில் குறைவு. முதல் பத்து எபிக்குள் அவள் எவ்வளவு பொறுப்பானவள் என்று தெரிந்துவிடும். அப்பாவின் டயாலிசிஸ், தம்பியின் இன்ஜினியரிங் ஃபீஸ், அடகில் கிடக்கும் அம்மாவின் வளையல், எல்லாம் அவள் தலையில்தான். அப்புறம் நாயகன் வருவான். பெரும்பாலும் அவன் கம்பெனி முதலாளியான எம்.டி., அவள் அவனுடைய உதவியாளரான பி.ஏ. கல்யாணம் நடக்கும். அதற்குப் பிறகு அவள் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட வராது. தம்பியின் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் என்ன ஆனது? நாயகன் ஒரே செக்கில் எல்லாக் கடனையும் அடைத்திருப்பான். அவள் கண்கலங்கி அவன் தோளில் சாய்வாள். கீழே கருத்துப் பெட்டியில் ஹார்ட்டின்கள், அதாவது இதயப் படங்கள், குவியும். அதே கடனை அவள் வருடக்கணக்காக மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வந்தாளே, அப்போது யாரும் ஹார்ட்டின் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கனவு ஏன் பிடிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தவளுக்கு, 'நீ உட்காரு, நான் பார்த்துக்கறேன்' என்று ஒருத்தன் சொல்வது எவ்வளவு இதமாக இருக்கும்! அதை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு எந்தக் கனவுக்கும் இடமில்லாமல் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி, ஸ்ரீபெரும்புதூர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி என்று ஷிப்ட் பஸ் ஏறுகிற பெண்கள். அந்தப் பஸ்ஸில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உங்கள் கதையைத்தான் எத்தனையோ பேர் படித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி நாயகியாக வந்து, கடைசி எபி வரைக்கும் வேலையில் இருக்கும் கதை எனக்குக் கிடைக்கவே இல்லை.

பணம் வந்தால் ரொமான்ஸ் கெட்டுப்போகும் என்று ஒரு எழுத்தாளர் குழுவில் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் மொய் மேசையைப் பாருங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே மனைவி தன் கைப்பையிலிருந்து ஆயிரத்து ஒரு ரூபாய் எடுத்துக் கணவனின் சட்டைப் பையில் வைத்திருப்பாள். மண்டபத்தில் அவன் அதை எடுத்து நீட்டுவான். எழுதுகிறவர் ஊரைக் கேட்டு, இனிஷியலைக் கேட்டு, அவன் பெயரை நோட்டில் எழுதுவார். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, பந்தியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது போல நிற்பாள். இது அன்பா, ஊருக்குப் பயமா, அவன் முகம் சுருங்கிவிடக் கூடாது என்ற கவலையா? மூன்றும்தான். 'உன் பேரைப் போடச் சொல்லட்டா?' என்று ஒருநாள் அவன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சந்தோஷப்படுவாளா, 'சும்மா இருங்க, யாராவது கேட்டுடப் போறாங்க' என்பாளா? கேட்ட பிறகு அவர்கள் வீடு திரும்புகிற வண்டியில் என்ன பேசிக்கொள்வார்கள்? இந்த ஒரு கேள்வியில் ஒரு முழு எபிக்கு விஷயம் இருக்கிறது. சம்பள அக்கவுண்டின் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது, பின் நம்பர் யாருக்குத் தெரியும், அவள் தன் அம்மாவுக்கு ஐயாயிரம் அனுப்பினால் அதைச் சொல்லிவிட்டு அனுப்புகிறாளா, மறைத்து அனுப்புகிறாளா? தம்பதிக்குள் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பது இந்த மாதிரி இடங்களில்தான் தெரிகிறது. உங்கள் கதைகளில் இந்த இடங்களை எல்லாம் தாண்டி நேரே மாலத்தீவு ஹனிமூனுக்குப் போய்விடுகிறோம்.

இனி வாசகர் குழுக்களுக்கு. என் மனத்தாங்கல் உங்களிடம்தான் அதிகம். தொடர்கதை என்பது நாம் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதப்படுவது. நாம் போடுகிற கருத்தை அன்றிரவே எழுத்தாளர் படிக்கிறார். அடுத்த எபியில் அது எதிரொலிக்கிறது. அதனால் நமக்கும் பொறுப்பு உண்டு. நான் ஆசையாகப் படித்த ஒரு கதையில் நாயகி வங்கி அதிகாரி, நாயகன் ஒரு சின்னப் பள்ளியில் டிராயிங் வாத்தியார். அவன் காலையில் இட்லி ஊற்றுவான், அவள் ஆடிட் என்று லேட்டாக வருவாள், அவன் தூங்காமல் உட்கார்ந்திருப்பான். அவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. 'ஹீரோ கெத்தா இல்லையே', 'பொண்டாட்டி காசுல சாப்பிடுறான்', 'இவன் எப்போ பெரிய ஆளாவான்?' என்று கருத்துகள் வர ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் அவன் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் குடும்பத்தின் வாரிசு, கோபித்துக்கொண்டு வெளியே வந்தவன் என்று ஆனது. வாத்தியார் வேலையோடு இட்லிச் சட்டியும் போயிற்று. அந்த எழுத்தாளரை நான் குறை சொல்ல மாட்டேன். முந்நூறு பேர் ஒரே பக்கம் இழுத்தால் ஒருத்தி என்ன செய்வாள்?

அதே கூட்டம்தான் நாயகியை அடக்கி ஆளும் கொடுமைக்கார நாயகனுக்கு, அதாவது ஆன்டி ஹீரோவுக்கு, கொடி பிடிக்கிறது. 'இனிமே நீ வேலைக்குப் போகக் கூடாது' என்று அவன் சொல்லும் வரிக்கு எவ்வளவு கொண்டாட்டம்! பொசசிவ், செம்ம, என் ஆளு என்று வரிசையாகக் கருத்துகள். 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறையையும் வன்முறை என்றே சொல்கிறது. அந்தச் சட்டப்படி சம்பவத்தைப் பதிவு செய்யும் படிவத்திலேயே வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் எழுதப்பட்டிருக்கின்றன. கதையில் கொடுமைக்காரன் வரக் கூடாது என்று நான் கேட்கவில்லை. வரட்டும். அவன் செய்வதற்குக் காதல் என்று நாம் பெயர் வைக்க வேண்டாம். கருத்துப் பெட்டியில் யாராவது ஒருத்தர், 'அவள் வேலையை விட வேண்டாம், சிஸ்' என்று எழுதினால்கூடப் போதும், எழுதுகிறவர் ஒரு நிமிடம் யோசிப்பார்.

குடும்பத்தைத் தாங்கும் பெண் நம் கதைகளுக்குப் புதியவள் இல்லை. 1974-இல் கே. பாலசந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதா நடித்த கவிதா அப்படிப்பட்டவள்தான். கோபக்காரி, சிடுசிடுப்பவள், அத்தனை பேருக்கும் சோறு போடுபவள். கல்யாணம் கைகூடி வரும் நேரத்தில் அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புவாள். அதற்கு முன்பே, 1960-இல், ரித்விக் கட்டக்கின் வங்காளப் படமான 'மேகே டாக்கா தாரா'வில் குடும்பத்தைத் தாங்கும் நீதா என்ற பெண் காதலனைத் தங்கையிடம் இழந்து, காசநோயோடு ஒரு மலையூரில் இருந்துகொண்டு, உயிர் வாழ வேண்டும் என்று கதறுவாள். இரண்டும் பெரிய படங்கள். ஆனால் சம்பாதிப்பவளுக்குக் காதல் கிடையாது என்ற முடிவு அங்கிருந்து நமக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைய நம் கதைகள் அதையே திருப்பிப் போட்டிருக்கின்றன: காதல் கிடைத்தவளுக்குச் சம்பாத்தியம் கிடையாது.

இரண்டையும் சேர்த்து ஒருவர் அப்போதே காட்டியிருக்கிறார். 1963-இல் வந்த சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'மகாநகர்'. வீட்டுக் கஷ்டத்துக்காக ஆரத்தி விற்பனைப் பெண்ணாக வேலைக்குப் போகிறாள். மாமனாருக்குப் பிடிக்கவில்லை. கணவன் சுப்ரதாவுக்கும் கொஞ்ச நாளில் உள்ளுக்குள் என்னவோ செய்கிறது. வேலையை விடு என்கிறான். அவள் விடப்போகிற நேரத்தில் அவன் வேலை பார்த்த வங்கி மூழ்கிவிட, விடாதே என்று அவனே அவசரமாகப் போன் செய்கிறான். இதில் வில்லன் யாரும் இல்லை. ஒரு லிப்ஸ்டிக் கணவன் மனைவிக்கு நடுவே பெரிய விஷயமாகி நிற்கிறது. கடைசியில், சக ஊழியை ஒருத்திக்கு நடந்த அநியாயத்துக்காக ஆரத்தி வேலையை உதறிவிட்டு வருகிறாள். இரண்டு பேருக்குமே வேலை இல்லை, ஆனால் அந்த நேரத்தில்தான் அவர்கள் மறுபடி ஒன்றாகிறார்கள். அவனைப் பெரிய ஆளாக்காமலே அவன் மேல் நமக்கு மரியாதை வருகிறது. அறுபது வருடத்துக்கு முன்னால் முடிந்தது நமக்கு முடியாதா?

ஆணின் வலியையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அமெரிக்கத் தம்பதிகளின் வருமானத்தை வைத்து மரியான் பெர்ட்ராண்டும் வேறு இரண்டு பொருளியலாளர்களும் 2015-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கணவனைவிட மனைவி அதிகம் சம்பாதிக்கும் வீடுகளில் மனநிறைவு குறைவாகவும் விவாகரத்து அதிகமாகவும் இருந்தன. அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அப்படி அதிகம் சம்பாதிக்கும் மனைவி வீட்டு வேலையையும் கூடுதலாகச் செய்கிறாளாம். அவன் மனம் நோகாமல் இருக்கச் செய்கிறாளோ என்று அவர்கள் கருதுகிறார்கள். நம் நாட்டில் 2024-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம்; ஆண்கள் 88 நிமிடம். எங்கள் வீட்டில் அவர் எவ்வளவோ செய்கிறார். ஆனாலும் ராத்திரி மாவு கரைப்பது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஏன் செய்கிறேன் என்று எனக்கே விளக்கிச் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கதை வேண்டும்.

எழுதுகிற தோழிகளே, உங்களுக்கு முன்னால் எழுதிய நாவலாசிரியர் லட்சுமி, மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது வீட்டிலிருந்து பணம் வர முடியாத நிலையில் பத்திரிகைக்குக் கதை எழுதி, அந்தப் பணத்தில் படிப்பை முடித்து டாக்டரானவர். இன்று உங்களில் எத்தனையோ பேருக்குக் கிண்டில் ராயல்டியும் தளங்கள் தரும் தொகையும் வீட்டுக் கணக்கில் சேர்கின்றன. முதல் தொகை வந்த அன்று வீட்டில் யார் என்ன சொன்னார்கள், உங்கள் குரல் எப்படி மாறியது, 'கதை எழுதுறதுக்கெல்லாமா காசு தர்றாங்க?' என்று கேட்டவர் அடுத்த மாதம் எப்படிக் கேட்டார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் நாயகிக்கும் அதைக் கொடுங்கள்.

போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. மழை, முகமூடி, ரீஇன்கார்னேஷன் என்று எத்தனையோ தலைப்பு கொடுத்துவிட்டீர்கள். அடுத்த போட்டிக்கு இதைக் கொடுங்கள்: நாயகி நாயகனைவிட அதிகம் சம்பாதிக்கிறாள், கதை முடியும்போதும் அப்படியே. அவன் ரகசியப் பணக்காரனாக இருக்கக் கூடாது. அவளை யாரும் கடைசியில் திருத்தி வீட்டில் உட்காரவைக்கக் கூடாது. சோகமாகத்தான் முடிய வேண்டும் என்றும் இல்லை, அவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும். நடுவர்களில் ஷிப்ட் வேலைக்குப் போகும் வாசகி ஒருத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லைக் எண்ணிக்கைக்கு மட்டும் மதிப்பெண் வைத்தால் மறுபடி ஜவுளிக்கடை வாரிசுதான் ஜெயிப்பான். அதனால் அந்த விதியையும் இந்த ஒரு போட்டிக்காவது மாற்றிப் பாருங்கள்.

அப்படி ஒரு போட்டி அறிவித்தால், வரும் கதைகள் ஒவ்வொன்றுக்கும் முதல் எபியிலிருந்து கருத்துப் போட நான் இருக்கிறேன். வேலை பார்க்கும் என் தோழிகளையும் குழுவில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி ஒருத்தி