நீலத் தண்ணீரில் தேறிய கரி, நம் சாயத் தண்ணீரில் தேறுமா?

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு,

வணக்கம். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றங்கரையில் கொஞ்சம் தென்னை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு சாயப்பட்டறை லேப்பில் கலர் பார்த்தவன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் பக்கத்து ஊரில் பயோசார், அதாவது மரம், தொட்டி மாதிரிக் கழிவைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கரி பற்றி ஒரு கூட்டம். கண்ணாடிக் குடுவையில் நீலத் தண்ணீர். அதில் ஒரு கரண்டி கரிப்பொடி போட்டுக் கலக்கி வடிகட்டினார்கள். வந்தது குடிக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது: அது மெத்திலீன் புளூ என்ற சாயம், நம் ஊர்ச் சாயம் இல்லை!

மெத்திலீன் புளூ தண்ணீரில் நேர்மின்சுமையோடு இருக்கும். கரியின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்சுமை. போட்டவுடன் போய் ஒட்டிக்கொள்ளும். திருப்பூரில் பருத்தித் துணிக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம், அதாவது நூலோடு வினைபுரிந்து ஒட்டும் சாயம். அதுவும் எதிர்மின்சுமைதான், கரி அதைத் தள்ளத்தான் பார்க்கும். நீலத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய கரி, நம் சிவப்பில் ஃபெயில் ஆகலாம்.

சந்தேகம் போகாமல் வீட்டிலேயே செய்து பார்த்தேன். தேங்காய்த் தொட்டிக் கரியை இடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, சிவப்பு ரியாக்டிவ் சாயம் கரைத்த இரண்டு ஜாம் பாட்டில்களில் போட்டேன். ஒன்றில் வெறும் கரி. இன்னொன்றில் ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, உலர்த்திய கரி. மறுநாள் காலையில் முதல் பாட்டில் பீட்ரூட் சாறு மாதிரி அப்படியே நின்றது. இரண்டாவது வெளிறிய ரோஸ். இரும்பு பூசிய இடம் நேர்மின்சுமைக்கு மாறியதால் சாயத்தை இழுத்திருக்கிறது. சரி, ஜெயித்தாச்சு என்று பார்த்தால், அந்த ரோஸ் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா ஆஷ் என்ற காரப்பொடி போட்டுக் குலுக்கியதும் சிவப்பு திரும்ப ஏறியது. காரத்தில் அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. சாயத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரோ சோடா ஆஷும் உப்பும் கலந்தது, காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 10, 11 என்று நிற்கும்.

ஜாம் பாட்டிலை ஆராய்ச்சி என்று சொல்ல வரவில்லை. பதப்படுத்திய கரி வேலை செய்யும். ஆனால் எந்தச் சாயத்துக்கு, எந்தப் பி.எச்.சில், எந்த உப்பில் என்று கேட்காமல் யாரும் அதை வாங்கக்கூடாது, வாரியமும் அனுமதிக்கக்கூடாது. உப்பைக் கரி பிடிக்காது என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் கிணறுகளைக் கெடுத்தது நிறம் மட்டும் இல்லை, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ்.ஸும்தான். 1992இல் நொய்யலில் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாகி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் வரை வந்த கதை உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. கரியைக் காட்டி, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வடிப்பானையும் ஆவியாக்கியையும் ஓரங்கட்ட யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மண் விஷயம் வேறு. அங்கே கரி மாசை அழிப்பதில்லை, கட்டிவைக்கிறது. சாயமோ பூச்சிமருந்தோ கரியின் துளைகளில் சிக்கிக்கொண்டால் வேருக்கும் மண்புழுவுக்கும் போவது குறையும். இடம் நிறைந்தால், காலம் போனால், அந்தப் பிடி தளரவும் செய்யும். எங்கள் பக்கத்து மண் ஏற்கெனவே களர். சாதாரணக் கரியிலும் சாம்பல் காரம் உண்டு. அமிலத்தில் கழுவாமல் கொட்டினால், இருக்கிற களரில் இன்னும் காரம் சேர்த்த கதைதான்.

அப்புறம் கரி எங்கிருந்து வரும்? காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய்த் தொட்டிக்குப் பஞ்சமில்லை. தெற்கே சீமைக்கருவேல மரத்தைச் சுடும் கரி மூட்டமும் இருக்கிறது. ஆனால் குழியில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைக்கிற இடங்களில் அந்தக் கறுப்புத் தண்ணீர் நிலத்தில் இறங்கி, பக்கத்துக் கிணறு தேநீர் நிறத்துக்கு வந்துவிடுகிறது. அரைகுறையாகச் சுட்ட கரியில் தாரும் அதோடு வரும் நச்சுச் சேர்மங்களும் தங்கும். ஒரு கிணற்றைச் சுத்தம் செய்ய இன்னொரு கிணற்றைக் கெடுப்பது எந்த ஊர் நியாயம்? புகையை எரித்துவிடும் மூடிய உலையில் சுட்டதுதான் வேண்டும் என்று எழுதிப் போடுங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தக் கரியானாலும் மெத்திலீன் புளூவோடு நிறுத்தாமல், திருப்பூர்ச் சாயக்கழிவிலேயே சோதித்த முடிவைக் கேளுங்கள். சாயம் குடித்து முடித்த கரி எங்கே போகும் என்பதையும் அனுமதிக்கு முன்பே எழுதி வாங்குங்கள். அதைச் சூடேற்றித் திரும்பப் பயன்படுத்துவதா, சிமென்ட் உலைக்கு அனுப்புவதா? இதைக் கேட்காமல் விட்டால், இன்றைக்கு ஆலைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் கசடோடு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

நிலத்தில் சோதிக்க இடம் வேண்டுமென்றால் என் தோட்டத்தில் கிணற்றடி ஓரமாகக் கால் ஏக்கர் இருக்கிறது. மூன்று வருஷமாக அங்கே எதுவும் வைக்கவில்லை. பாதியில் கரி போடுங்கள், பாதியைச் சும்மா விடுங்கள். சோதனைக்குத் தண்ணீர் எடுக்க ஆள் அனுப்ப முடியாவிட்டால் சொல்லுங்கள், மாதா மாதம் நானே கேனில் பிடித்து, தேதி எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி ஒருவன்