வாய்விட்டு கணக்கு போடற பிள்ளைங்கள அதட்டாதீங்க

சிங்கப்பூர் டியூஷன் சென்டர்கள்ல பாடம் சொல்லி குடுக்கற டீச்சர்களுக்கு வணக்கம்.

என் பையன் பிரைமரி டூ, அதாவது ரெண்டாம் வகுப்பு. போன மாசம் அவன் போற சென்டர்ல இருந்து போன் பண்ணி, பையன் கணக்கு போடும்போது தனக்குத்தானே பேசிக்கிட்டே இருக்கான், அதுவும் தமிழ்ல, மத்த பிள்ளைங்களுக்கு தொந்தரவா இருக்கு, வீட்டுல சொல்லி திருத்துங்கன்னாங்க. நானும் சரின்னுட்டு அவனை கண்டிச்சேன், அதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. மறுநாள் சாப்பாட்டு மேசைல 13-லருந்து 8 கழிக்கணும், வாயை இறுக்கி மூடிக்கிட்டு பென்சிலையே பாத்துட்டு உக்காந்திருக்கான், விடை வரவே இல்ல. சரி பேசிக்கோடான்னேன். "மூணு போச்சு, பத்து, இன்னும் அஞ்சு போணும்... அஞ்சு!" அவ்ளோதான், முடிஞ்சுது.

பிள்ளைங்க எப்படி யோசிக்க கத்துக்கறாங்கன்னு ஆராய்ஞ்ச பியாஜே, வைகாட்ஸ்கிங்கற உளவியலாளர்கள் பேரெல்லாம் உங்கள்ல பல பேர் படிச்சிருப்பீங்க. பியாஜே 1923-ல ஜெனீவா பிள்ளைங்கள கவனிச்சு எழுதினப்போ, தனக்குத்தானே பேசிக்கற இந்த பேச்சு அடுத்தவங்க பார்வைல யோசிக்க இன்னும் வராததோட அடையாளம், வளர வளர மறைஞ்சிடும்னார். வைகாட்ஸ்கி ஒத்துக்கல. படம் வரையற பிள்ளைங்களுக்கு வேணும்னே ஒரு கலர் பென்சில் இல்லாம பண்ணி பாத்தார், பேச்சு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு, ஒரு பிள்ளை நீல பென்சில் எங்க, பரவால்ல சிவப்புல வரைஞ்சு தண்ணி தொட்டா கருத்துப்போய் நீலம் மாதிரி தெரியும்னு தனக்கே வழி சொல்லிக்குது. சிக்கல் வந்தாதான் பேச்சு கூடுது, அப்புறம் அதுவே உள்ள போய் யோசனையா மாறுதுன்னார். 1934-ல 37 வயசுலயே காசநோய்ல போயிட்டார். இந்த பேச்சுதான் உள்ள போய் யோசனையா மாறுதுன்னு வைகாட்ஸ்கி சொன்னதை பியாஜே 1962-ல ஏத்துக்கிட்டு எழுதினார், எல்லாத்தையும் ஏத்துக்கலைன்னாலும் அவ்ளோ பெரிய மனுஷன் அந்த அளவுக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது.

தமிழ்ல ஏன் பேசறான்னு நீங்க கேக்கலாம். அவனுக்கு எண்ண கத்துக்குடுத்தது அவன் பாட்டி, எங்க புளோக் லிஃப்ட்ல பன்னெண்டாவது மாடிலருந்து கீழ வர்ற வரைக்கும் பன்னெண்டு, பதினொண்ணு, பத்துன்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்கிட்டே வருவாங்க. மொதல்ல பாட்டி வாய்ல இருந்தது இப்போ அவன் வாய்ல இருக்கு, நாளைக்கு சத்தமில்லாம மண்டைக்குள்ள போகும். அந்த நடுப்படியதான் நாம தட்டி விடறோம்.

நம்ம ஊர் ஸ்கூல் கணக்கே மொதல்ல கையில க்யூப் (எண்ணி பாக்கற குட்டி கட்டை), அடுத்து படம், கடைசியா எண்ணுன்னுதான் போகுது, ப்ரூனர்ங்கற உளவியலாளர் சொன்ன வழி. பிள்ளை கையில இருக்கற க்யூபை பாதில பிடுங்க மாட்டீங்கல்ல, இந்த பேச்சும் அவனுக்கு க்யூப்தான்.

மத்த பிள்ளைங்களுக்கு தொந்தரவுங்கறது நியாயம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஓரமா ஒரு மேசை போட்டு குடுங்க, மெதுவா முணுமுணுக்க சொல்லுங்க, எந்த மொழில வருதோ அதுல பேசட்டும். வாயை மூடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்.